பத்து விரல்

"பொய்யி" என்றாள் கருத்தம்மாள்.

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களுக்கு மட்டுமே அது கேட்டது. திரும்பிப் பார்த்தார்கள். தெரியாத முகம் என்று கண்டு மறுபடி மடத்து வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வாசலில் ஏலக்காய் வியாபாரி ஞானசிகாமணி நின்று, ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்து, சுவாமிகளின் சரித்திரத்தை வாசித்துக்கொண்டிருந்தார். மடத்துக்கு இடம் கொடுத்தவர், கூரை போட்டவர், அதனால் சரித்திரம் எழுதும் உரிமையும் அவருக்கே வந்திருந்தது. அவருக்குப் பின்னால் மணையில், மாலைகளுக்கு நடுவே, நிராமய சுவாமிகள் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் காலையில் உயிர் போனவரைச் சுவரோடு சாய்த்து, நெஞ்சைச் சுற்றிக் காவித் துணியால் கட்டியிருந்தார்கள்.

சுவாமிகள் சோழ தேசத்தில் உத்தமமான சைவக் குடும்பத்தில் அவதரித்தார். பதினெட்டாம் வயதில், பூஜை வேளையில், இந்த உடம்பு நீர்க்குமிழி என்று தெளிந்து, பட்டும் பொன்னும் துறந்து தெற்கே நடந்தார். சுருளி மலைக் குகையில் மலையாளத்துப் பெரியவர் ஒருவருக்கு ஆறு வருஷம் பணிவிடை செய்து காவி பெற்றார். பிறகு இந்த ஆற்றங்கரைக்கு வந்து, பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். வயசானவர்களையும் விடவில்லை. கைநாட்டு வைக்கிறேன் என்று எவன் சொன்னாலும் அவனைப் பிடித்து உட்கார வைத்துப் பெயரெழுதப் பழக்கிவிட்டுத்தான் எழுந்திருக்க விடுவார். கலைமகளிடம் அவருக்கு அவ்வளவு பக்தி.

சுருளியும் மலையாளத்துப் பெரியவரும் உண்மை. பிள்ளைகளும் மணலும் உண்மை. பட்டும் பொன்னுமா? அவள் தம்பிகள் ஒச்சாண்டிக்கும் அம்மாவாசிக்கும் சேர்த்து அந்த வீட்டில் இருந்ததே ஒரு வேட்டி. ஒருவன் கட்டிக்கொண்டு வெளியே போனால் மற்றவன் கோவணத்தோடு உள்ளே கிடப்பான்.

சுவாமிகளாகிப்போன ஒச்சாண்டி நீர்க்குமிழி எதையும் பார்க்கவில்லை. அந்த வருஷம் அவர்கள் ஊருக்கு ரேகைச் சட்டம் வந்தது. இந்தச் சாதியில் பிறந்த ஆண்பிள்ளை என்றால் களவாணிதான் என்று சர்க்கார் முன்கூட்டியே முடிவு கட்டி வைத்த சட்டம். களவு செய்திருக்க வேண்டும் என்றில்லை, மீசை முளைத்தால் போதும். சாவடி முன்னால் வரிசையாக நிறுத்தி, பத்து விரலிலும் மை தடவி, தாளில் உருட்டி எடுத்தார்கள். இனி இருட்டினால் சாவடியில் வந்து படுக்க வேண்டும், அடுத்த ஊருக்குப் போகச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். ஒச்சாண்டி வீட்டுக்கு வந்து புளியும் மணலும் போட்டுக் கையைத் தேய்த்தான். தோல் வழன்று ரத்தம் வந்த பிறகும் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. கருத்தம்மாள் கஞ்சி ஊற்றி முன்னால் வைத்தாள். "இந்தக் கையால எப்படிக்கா திங்கிறது?" என்று கேட்டான். இரண்டு நாள் அவன் எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் ஆளைக் காணோம். சுவாமிகளின் துறவு அவ்வளவுதான்.

போனவனுக்கு மோட்சம். இருந்தவர்களுக்கு ஸ்டேஷன். அதற்குப் பிறகு இந்தப் பள்ளத்தாக்கில் எங்கே மாடு களவு போனாலும் தலைமறைவான ஒச்சாண்டி வந்து போயிருக்கிறான் என்று எழுதினார்கள். ஒரே ராத்திரியில் உத்தமபாளையத்தில் ஒரு ஜோடி, போடியில் ஒரு ஜோடி என்று எழுதிய நாளும் உண்டு. எழுதி முடித்ததும் சின்னவன் அம்மாவாசியைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அண்ணனை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்பார்கள். அவனுக்குத் தெரியாது. தெரியாது, தெரியாது என்று சொல்லியே இருபது வருஷத்தில் முன்பல் இரண்டையும் கல்யாண வயசையும் இழந்தான். இப்போதும் உள்ளேதான் கிடக்கிறான். ஆண்டிபட்டிச் சந்தையில் ஒரு ஜோடி காளை களவு போய் எட்டு நாளாகிறது. திங்கட்கிழமை அவனை மதுரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

அவனுக்குத் தெரியாதது கருத்தம்மாளுக்குத் தெரியும். ஆறு வருஷமாகத் தெரியும்.

வீரபாண்டித் திருவிழாவில் இந்த மடத்துக்காரர்கள் தண்ணீர்ப்பந்தல் போட்டிருந்தார்கள். மோர் ஊற்றிக்கொண்டிருந்த காவிக்காரர் அவளைக் கண்டு சொம்பை நிறுத்தினார். பிறகு, தாடிக்குள்ளிருந்து, "அக்கா, அம்மாவாசி எப்படி இருக்கான்?" என்றார்.

ஏந்திய கையோடு நின்றவள், "நல்லாருக்கான்" என்றுவிட்டாள்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஸ்டேஷனுக்கு நடந்திருப்பான். காவித் துணிக்கு மேல் விலங்கு மாட்டியிருப்பார்கள். ஒருத்தனாவது தப்பித்திருக்கட்டும் என்றுதான் நினைத்தாள். அதற்கு மற்றவனைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு சித்திரையிலும் அவர் கேட்டார், ஒவ்வொரு சித்திரையிலும் அவள் நல்லாருக்கான் என்றாள். இந்த எட்டு நாளும் ஸ்டேஷனுக்குக் கஞ்சி கொண்டுபோனவள், அம்மாவாசியின் வீங்கிய முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயை மூடித் திரும்பி வந்தாள். நேற்றுச் சாயங்காலம் வண்டிக்காரன் ஒருவன், மடத்துச் சாமி மலைக்காய்ச்சலில் போய்விட்டார் என்று போகிற போக்கில் சொன்னான். அவளுக்கு அழுகை வரவில்லை. இனி அவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் முதலில் தோன்றியது. விடிவதற்குள் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றாள்.

ஏட்டு முதலில் சிரித்தார். "களவாணிப்பய சாமியாராயிட்டானா? ஏ கருத்தம்மா, யாருகிட்ட?"

"ரேகை எடுத்துப் பாருங்க ஏட்டையா. பழைய தாளு ஒங்ககிட்டத்தான இருக்கு?"

ஏட்டு யோசித்தார். பத்து நாளாகக் காய்ச்சலில் படுத்துக் கிடந்த ஆள் ஆண்டிபட்டியில் காளை பிடித்திருக்க முடியாது. ரேகை பொருந்திவிட்டால் அம்மாவாசியை விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் இருபது வருஷத் தலைமறைவு ஆளைக் கண்டுபிடித்தால் அவருக்கும் பெயர். மைத்தட்டையும் உருளையையும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். மடம் இருக்கும் சின்னமனூர் வரைக்கும் அவள் நடந்தாள்.

இப்போது அவர் மடத்து வேலியோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கருத்தம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"வாசிக்கிறத நிறுத்துங்கய்யா. அது எந்தம்பி."

ஞானசிகாமணி நோட்டிலிருந்து நிமிர்ந்தார். கோபப்படவில்லை. இழவு வீட்டில் இப்படி யாராவது வருவது அவருக்குத் தெரிந்ததுதான்.

"ஆத்தா, சந்நியாசிக்கு அக்கா தங்கச்சி கிடையாது. காவி கட்டும்போதே தனக்குத்தானே கருமாதி பண்ணிட்டு வந்தவுக. போயி அங்கிட்டு நின்னு கும்பிட்டுக்க."

"அவுகளுக்கு அவுக பண்ணிக்கிட்டாக. எங்களுக்கு யாரு பண்ணுனது?"

"எந்த ஊரு நீ?"

அவள் ஊரைச் சொன்னாள். அந்த ஊரைச் சொன்னால் சாதியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. முன்வரிசையில் நின்ற ஒருவர் தன் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கருத்தம்மாள் அதைப் பார்த்தாள்.

"இருக்கா? நல்லாப் பாத்துக்கங்க" என்றாள் அவரிடம். "பதினாலு வருசம் அவன் காலுல விழுந்து கும்பிட்டுருப்பீக. அன்னைக்கெல்லாம் மடி பத்திரமா இருந்துச்சுல்ல?"

ஞானசிகாமணியின் குரல் மாறியது. "சாமியக் களவாணின்னு சொல்ல வந்தியா?"

"நான் சொல்லலய்யா. சர்க்காரு சொல்லுது. இல்லங்கிறதுக்குத்தான் கையக் கேக்குறேன். பத்து வெரலு ரேகை எடுத்துக்கிட்டு நான் போயிருவேன். இவன் பேரைச் சொல்லி இன்னொருத்தன் அங்கன அடிபட்டுக்கிட்டுக் கெடக்கான்."

ஏட்டு சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து ஞானசிகாமணிக்கு ஒரு சலாம் வைத்தார். ஐயா சம்மதித்தால் ஒரு நிமிஷ வேலை என்றார்.

"சாமி கையில மை தடவுறதா?" ஞானசிகாமணி நோட்டை மூடினார். "இன்ஸ்பெக்டரு எனக்கு வேண்டியவர்னு ஒமக்குத் தெரியும்ல? இந்த இடத்துல நாளைக்குக் கோயிலு வரப்போகுது. ரேகைக்காரன் சமாதின்னு பேரு வந்தா ஒருத்தன் இங்கன காலு வைப்பானா?"

ஏட்டு பையின் வாரை மறுபடி மாட்டினார். "ஐயா சொன்னாச் சரி."

"அப்ப அம்மாவாசி?" என்றாள் கருத்தம்மாள்.

"கோர்ட்டுல சொல்லிக்கட்டும்."

கோர்ட்டில் என்னத்தைச் சொல்வான்? இருபது வருஷமாகச் சொன்ன தெரியாதைத்தான் அங்கேயும் சொல்வான். ஞானசிகாமணி கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் சமாதி வைத்துவிட வேண்டும். நான்கு பேர் மணையைத் தூக்கக் குனிந்தார்கள்.

மடத்துக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்தபடி, குழி தயாராக இருந்தது. ஆள் உயரம் இருக்கும். அடியில் வில்வமும் விபூதியும் பரப்பி ஒரு பலகை போட்டிருந்தார்கள். சுற்றிலும் உப்பு மூட்டைகள் வாய் பிரித்து நின்றன. கருத்தம்மாள் மற்றவர்களுக்கு முந்தி அங்கே போனாள். எதையும் யோசித்துச் செய்யவில்லை. சேலையை இழுத்துச் செருகி, கரையைப் பிடித்து ஈர மண்ணில் சறுக்கி இறங்கி, பலகையின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

மேலே ஒருவர் பின் ஒருவராக முகங்கள் வந்து எட்டிப் பார்த்தன.

"ஏ பொம்பள, ஏறி வா. சாமி உக்காரப்போற எடம் அது" என்றார் ஞானசிகாமணி.

"கையக் குடுக்காம ஏறமாட்டேன். உப்பைக் கொட்டுறதுன்னாக் கொட்டுங்க."

"பொம்பளைக யாராச்சும் எறங்கித் தூக்குங்கம்மா."

யாரும் நகரவில்லை. சமாதிக் குழியில் இறங்க யாருக்குத் துணிச்சல் வரும்? உயிரோடு இருந்தவனுக்கு ஊர் இல்லை, செத்தவனுக்குச் சோழ தேசம். இருந்தபோது அவனைத் தேடியவர்கள் இப்போது வேண்டாம் என்கிறார்கள். அவனைக் கும்பிட்டவர்கள் அவன் யாரென்று தெரிந்தால் கையைக் கழுவுவார்கள். எவனுக்கும் அவன் வேண்டாம், அவரவருக்கு வேண்டியது மட்டும் போதும். குழிக்குள் உட்கார்ந்துகொண்டு அவள் ஒவ்வொருத்தரையும் வாய்க்கு வந்தபடி வைதாள்.

கூட்டத்திலிருந்து சட்டை போட்ட ஒரு மெலிந்த மனிதர் வந்து குழியோரம் குத்துக்காலிட்டார். கழுத்தில் ஜெபமாலை தெரிந்தது.

"ஆத்தா, நான் பிலவேந்திரன். ராயப்பன்பட்டி. பள்ளிக்கூடத்துல சாமிக்குத் தொணையா இருந்த வாத்தியாரு." குழிக்குள் இன்னும் குனிந்தார். "ஒங்க தம்பி பேரு அம்மாவாசியா?"

"ஆமா."

அவர் எழுந்து ஞானசிகாமணியைப் பார்த்தார்.

"ஐயா, போன வாரம் சந்தையில கேட்டதை நான்தான் சாமிகிட்டச் சொன்னேன். அண்ணனுக்குப் பதிலா அம்மாவாசின்னு ஒருத்தனைப் பிடிச்சு அடிக்கிறாகன்னு. அவ்வளவு காய்ச்சல்ல எந்திரிச்சு உக்காந்தாக. வண்டி கட்டு, ஸ்டேஷனுக்குப் போயி ரேகை குடுக்கணும்னாக. நீங்களும் அங்கனதான் இருந்தீக."

"அது காய்ச்சல் பிதற்றலுய்யா."

"மூணு நாளும் அதையே சொன்னாக. நாலாம் நாளுதான் பேச்சு நின்னுச்சு. நீங்க வண்டி வேண்டாமுன்னீக. நானும் பெரியவுக சொல்றாகன்னு சும்மா இருந்துட்டேன்." அவர் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார். "அவுக குடுக்கணும்னு சொன்ன கைய்யா அது. அதை மறிக்கிறதுக்கு நம்ம யாரு?"

கருத்தம்மாளுக்கு நேற்றிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அவள் ஆறு வருஷம் மறைத்து வைத்ததை அவன் தெரிந்துகொண்டுதான் போயிருக்கிறான். அக்கா பொய் சொன்னாள் என்பதையும் தெரிந்துகொண்டிருப்பான். வண்டி கட்டியிருந்தால் அம்மாவாசி நான்கு நாள் அடியாவது தப்பித்திருப்பான். அழுகைக்கு நடுவிலும் ஞானசிகாமணியின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலத்தான் அவளுக்கு இருந்தது.

நியாயம் பேசி யாரும் இறங்கி வந்ததாகச் சொல்ல முடியாது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், "மணி பத்தாச்சுய்யா, ராகு காலம் வருது" என்றது. ஞானசிகாமணி கடிகாரத்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார்.

"சீக்கிரம் முடிங்க. ஆனா சரித்திரத்துல இது வராது" என்றார்.

"அதுல எங்களுக்கு எதுவும் வேண்டாம்" என்றாள் கருத்தம்மாள். வாத்தியார் கைகொடுத்து அவளை மேலே ஏற்றினார்.

குழியோரம் மணையை இறக்கினார்கள். ஏட்டு மைத்தட்டைத் திறந்து உருளையால் தேய்த்தார். தேய்த்துவிட்டு, தயங்கி நின்றார்.

"நான் தொடமாட்டேன். புள்ளகுட்டிக்காரன். சாமி குத்தம் வந்துரும்" என்றார்.

பதினைந்து வருஷத்தில் எத்தனை கையை முறுக்கிப் பிடித்து உருட்டியவர். கருத்தம்மாள் அவரிடமிருந்து தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

வலது கையில் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, உபதேசம் செய்கிற முத்திரையில் மஞ்சள் நூலால் கட்டியிருந்தார்கள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். விரல்கள் பிரியவில்லை. வெந்நீர் கேட்டாள். யாரோ ஒரு பெண் மடப்பள்ளியிலிருந்து செம்பில் கொண்டுவந்து வைத்தாள். துணியை நனைத்து ஒத்தி ஒத்தி, ஒவ்வொரு கணுவாக நீவி விட்டாள். இருபது வருஷத்துக்கு முன்னால் ரத்தம் வரத் தேய்த்த விரல்கள். உள்ளங்கை இன்னும் முரடாகத்தான் இருந்தது. சாமியார் கையாக இல்லை, மண்வெட்டி பிடித்த கையாகவே இருந்தது.

"நகத்துக்கு இந்த ஓரத்துலருந்து அந்த ஓரம் வரைக்கும் உருட்டணும்" என்றார் ஏட்டு, எட்ட நின்று. "அழுத்தாத. அழுத்துனா அப்பிரும்."

எந்த மையைக் கண்டால் அவள் இத்தனை காலம் மண்ணை வாரித் தூற்றினாளோ, அதே மையைத் தம்பியின் கட்டைவிரலில் தானே தடவினாள்.

"என்னைய வையிடா" என்றாள் அவன் காதுக்கு மட்டும். "நல்லா வையி."

கட்டைவிரல். சுட்டுவிரல். நடுவிரல் முதல் தடவை அப்பிவிட்டது. துடைத்து மறுபடி உருட்டினாள். வாத்தியார் தாளைப் பலகையோடு பிடித்துக்கொண்டிருந்தார். வலது கை முடிந்து இடது கை. பத்தாவது விரல் முடிந்தபோது ஏட்டு குனிந்து பார்த்து, தெளிவாக விழுந்திருக்கிறது என்றார். பழைய தாளோடு பார்க்க வேண்டும், ஆனால் தனக்குச் சந்தேகம் இல்லை, இரண்டு கட்டைவிரலிலும் சுழி இருக்கிறது, தலைமறைவுக் காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றார். இருபது வருஷம் தேடிய ஆள் எதிரே உட்கார்ந்திருக்க, அவர் தாளைப் பார்த்துத்தான் பேசினார்.

"அம்மாவாசிய இன்னைக்கே விட்டுருவீகளா?"

"இன்ஸ்பெக்டரு பாத்துக் கையெழுத்துப் போடணும். தாளு மட்டும் கெட்டுறக் கூடாது."

ஞானசிகாமணி எலுமிச்சம்பழம் கொண்டுவரச் சொல்லி விரல்களைத் தேய்க்கச் சொன்னார். மை போகவில்லை. மறுபடி முத்திரை வைக்கப் பார்த்தார்கள். நீவி விட்ட விரல்கள் நிற்காமல் விரிந்துகொண்டன. நேரம் இல்லை. அப்படியே மணையோடு தூக்கினார்கள். பெண்கள் சிவசிவ என்று முணுமுணுத்தார்கள். மடியைத் தொட்டுப் பார்த்த மனிதரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கயிறு கொடுத்து இறக்கத் தொடங்கும்போது தூறல் விழுந்தது. ஐப்பசித் தூறல், சொல்லாமல் வருவது. ஏட்டு தாளைப் பைக்குள் வைக்கப் போய், பதறிக் கையை எடுத்தார்.

"மை காயலையே. மடிச்சாப் போச்சு, நனைஞ்சாலும் போச்சு."

கருத்தம்மாள் தாளை அவரிடமிருந்து வாங்கினாள். குழிக்கு முதுகு காட்டித் திரும்பி, குனிந்து, முந்தானையை இரண்டு முழங்கையிலும் இழுத்துப் பிடித்து, தாளின் மேல் படாமல் மறைத்துக்கொண்டாள். பின்னால் மணை அடியில் முட்டி நிற்கும் சத்தம் கேட்டது. ஒரு மூட்டை உப்பு சரிந்தது. அடுத்த மூட்டை.

"ஆத்தா, மொகத்த மூடப் போறாக" என்றார் வாத்தியார். "ஒரு தடவ பாத்துக்கங்க."

தூறல் வலுத்தது. அவள் அசையவில்லை. பத்துக் கறுப்பு ரேகைகளின் மேல் மெல்ல ஊதிக்கொண்டிருந்தாள்.